செருப்பு டயருக்குப் பூர்வீகம் எது?

கேள்வி: ரிமோட் காரின் டயர் தேய்ந்துபோனதும், என் பையன் பழைய ஹவாய் செருப்பை வட்டமாக வெட்டி மாட்டிவிட்டான். நன்றாகவே ஓடுகிறது. வீட்டில் டயர் செய்வது எங்கே ஆரம்பித்தது?
— வாசகர் ஒருவர், ஏழாயிரம்பண்ணை

பதில்: காற்றடைத்த டயரே ஒரு பையனின் வண்டிக்காக வீட்டில் செய்ததுதான். செய்தவர், பெல்ஃபாஸ்ட் நகரத்துக் கால்நடை மருத்துவர் ஜான் பாய்ட் டன்லப். மகனின் மூன்று சக்கர சைக்கிள் கரடுமுரடான தரையில் குலுங்கியது. ரப்பர் ஷீட்டைக் குழாயாக ஒட்டி, மரத்தட்டைச் சுற்றித் துணியால் கட்டி, காற்றடித்தார். அதையும் சைக்கிளின் பழைய சக்கரத்தையும் முற்றத்தில் உருட்டிப் பார்த்தார். பழையது பாதியிலேயே சாய்ந்தது. புதியது மறுகோடிவரை போய் மோதித் திரும்பியது. 1888-இல் காப்புரிமையும் வாங்கினார். ஆனால் ஸ்காட்லாந்துக்காரர் ராபர்ட் வில்லியம் தாம்சன் இதே யோசனையை 1845-லேயே பதிந்து வைத்திருந்தது பின்னால் தெரியவர, டன்லப்பின் உரிமை செல்லாமல் போனது. பேர் என்னவோ அவருக்குத்தான்!

நம்மூர் எம்.ஆர்.எஃப். கதையும் விளையாட்டுச் சாமானில்தான் தொடங்குகிறது. 1946-இல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் பலூன் செய்தார்கள். டயர் வந்தது 1961-இல்.

ரிமோட் கார்கள் 1960-களில் இத்தாலியில் தலைகாட்டின. ஜப்பானின் தமியா நிறுவனம் 1976-இல் போர்ஷே மாடலைக் கொண்டுவந்தது. பந்தயக்காரர்கள் ஸ்பாஞ்ச் வளையத்தை ரிம்மில் ஒட்டி, டிரில்லிங் மெஷினில் மாட்டிச் சுழலவிட்டு, உப்புத்தாளால் தேய்த்து வட்டம் சரிசெய்வார்கள். செருப்பும் ஸ்பாஞ்ச்தானே? பையன் சரியான வழியில்தான் போயிருக்கிறான்.

பழைய டயரை உருக்கி வார்க்கலாமா என்று அடுத்துக் கேட்பான். உருகாது, கருகும். சார்லஸ் குட்இயர் 1839-இல் கண்டுபிடித்த முறையில், சூட்டில் கந்தகம் ரப்பரின் இழைகளை ஒன்றோடொன்று பிணைத்துவிடுகிறது. பிறகு பிரிக்க முடியாது. (கந்தகத்தைப் பற்றி, தீப்பெட்டியும் பட்டாசும் செய்யும் உங்கள் ஊருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.) வார்த்தே ஆகவேண்டுமென்றால், சிலிகோன் அச்சில் இரண்டு திரவங்களைக் கலந்து ஊற்றும் பாலியூரித்தேன் இருக்கிறது, அடுப்பே தேவையில்லை. கையுறையும் காற்றோட்டமும் வேண்டும்.

இன்னொன்று. டிரில்லிங் மெஷினானாலும் ரிமோட் காரானாலும் பிரஷ் வைத்த மோட்டாரில் தீப்பொறி வரும். பட்டாசு மருந்து புழங்கும் இடத்துப் பக்கம் இரண்டையும் கொண்டுபோக விடாதீர்கள்.