காளானுக்கும் பங்கு கொடுங்கள்

காளானை வைத்துச் சிற்பம் செய்கிறேன் என்றால், எங்கள் ஊரான சுங்கை ஆயர் தாவாரில் முதலில் வரும் கேள்வி, "செம்பனையைச் சாய்க்குமே, அந்தக் காளானா?" என்பதுதான். நியாயமான பயம். அமெரிக்கக் கலைஞர் பிலிப் ராஸ், 2009இல் ஜெர்மனியின் டுசல்டார்ஃப் கலைக்கூடத்தில் காளான் செங்கற்களால் ஒரு தேநீர் அறையே கட்டினார். அவர் வளர்த்தது கனோடெர்மா இனம். அதன் பங்காளிதான் நம் செம்பனையின் அடித்தண்டை அழுகவைக்கிறது. மரத்தடியில் முளைத்ததைப் பெயர்த்து வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள்.

நான் வளர்ப்பது சாம்பல் சிப்பிக் காளான். பண்ணைகளில் வெள்ளை படர்ந்த பொட்டலமாகவே கிடைக்கும். உள்ளே பெரும்பாலும் பால்மரத் தூளும் தவிடும். கையில் ஸ்பிரிட் தடவிக்கொண்டு, அதை உதிர்த்து, அச்சில் அழுத்தி, துளையிட்ட பிளாஸ்டிக்கால் மூடி நிழலில் வையுங்கள். ஒரு வாரம் போல ஆனால் இழைகள் ஓடித் தூள் இறுகிவிடும். பச்சை தட்டினால் வேறு பூஞ்சணம் புகுந்துவிட்டது, உடனே அப்புறப்படுத்துங்கள்.

பிளாஸ்டிக் அச்சு சுலபமாகக் கழன்றுவரும். சிரட்டை, மூங்கில் என்றால் அதையும் தின்று ஒட்டிக்கொள்ளும். எனக்கு அதுவே பசை. மூங்கில் சட்டத்தில் ஆணி அடிப்பதை விட்டாயிற்று. ஒரே பொட்டலத்துத் துண்டுகளைச் சேர்த்து வைத்தால் ஒன்றாகிவிடும். வேறு வகையைப் பக்கத்தில் வைத்தால் நடுவே எல்லை போட்டுக்கொள்ளும். எங்கே போடும் என்பது அவற்றின் பாடு. என் வேலைகளில் எனக்குப் பிடித்த கோடுகள் அவைதான்.

நம் கையில் இருப்பது காற்றும் தண்ணீரும். காற்றை அடைத்தால் கரியமில வாயு கூடி, குடை சிறுத்துத் தண்டு நீளும். திறந்துவிட்டால் குடை விரியும். ஓட்டை போட்ட பக்கமாகத்தான் முளைக்கும். தண்ணீரை ஊற்றாதீர்கள், தெளித்தால் போதும்.

குடை தட்டையாகும் முன்பே பறித்துவிடுங்கள். பறித்தது குழம்புக்கு ஆகும். முற்றவிட்டால் வித்துத் தூள் அறை முழுக்கப் பறக்கும், நெஞ்சுக்கு ஆகாது. ஆஸ்துமா உள்ளவர்கள் முகக்கவசம் இல்லாமல் உள்ளே போகவே வேண்டாம். ஒன்றை மட்டும் முற்றவிட்டு, கறுப்புத் தாளில் இரவு முழுக்கக் கவிழ்த்து வையுங்கள். அடிப்புற மடிப்புகள் வெளிறிய கோடுகளாகப் பதியும்.

முடிந்த வேலையைக் காயவைக்க வெயிலை மட்டும் நம்பாதீர்கள். காய்ந்த இழை தூங்குமே தவிரச் சாகாது. இந்தக் கடலோர ஈரத்தில் மறுபடி எழும். ஓவனில் 80 பாகை செல்சியஸில், உள்வரை சூடேறும்படி சில மணி நேரம் வைக்க வேண்டும். உயிரோடுதான் கொடுக்கப்போகிறீர்கள் என்றால், வாங்குகிறவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.