கணக்கு யார் பெயரில்?

கேள்வி: விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில் அகல்விளக்குப் பட்டறை நடத்துகிறேன். கிரிப்டோவில் பணம் போட ஆசை இருந்தும் பயத்தில் தள்ளிப்போட்டு வந்தேன். என் சித்தி மகன், “பயமா இருந்தா எங்கிட்ட குடுக்கா, நானே வாங்கிப் போடுறேன்” என்றான். போன தை மாதம் ஜிபேயில் 60,000 ரூபாய் அனுப்பினேன். நல்ல லாபம் என்கிறான். எந்தக் காயின் என்று தெரியாது, சீட்டும் வாங்கவில்லை. பேசுவதெல்லாம் டெலிகிராமில்தான், அதுவும் தானாக அழிந்துவிடுகிறது. இப்போது கார்த்திகை ஆர்டருக்கு வந்த முன்பணத்திலிருந்து 2 லட்சம் கேட்கிறான். தயக்கமாக இருக்கிறது. சட்டச் சிக்கல் வருமா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: கிரிப்டோ வாங்குவது குற்றமல்ல. வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி 2018இல் போட்ட தடையை உச்ச நீதிமன்றம் 2020 மார்ச்சில் ரத்து செய்துவிட்டது. உங்கள் பிரச்சினை வேறு. கணக்கு யார் பெயரில் இருக்கிறது? உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. தம்பி பெயரில்தான் இருக்கும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

சென்னை உயர் நீதிமன்றம் 2025 அக்டோபரில் ஒரு தீர்ப்புச் சொன்னது. ஒரு பெண் 2024 ஜனவரியில் வசீர்எக்ஸ் என்ற கிரிப்டோ தளத்தில் 1,98,516 ரூபாய்க்கு எக்ஸ்ஆர்பி காயின் வாங்கினார். அந்த ஜூலையில் தளத்தில் பெரும் களவு நடந்தது. களவுபோனது வேறு வகைக் காயின்கள், ஆனால் இவர் கணக்கும் முடக்கப்பட்டது. கிரிப்டோவும் சொத்துதான், பிறருக்காக நம்பிக்கையின் பேரில் வைத்திருக்கத் தக்கது என்று சொல்லி நீதிமன்றம் அவருக்கு இடைக்காலப் பாதுகாப்பு கொடுத்தது. கணக்கு அவர் பெயரில், பணம் போனது அவர் வங்கியிலிருந்து. நாளை இதே போல் நடந்தால் நீங்கள் எதைக் காட்டுவீர்கள்? தம்பிக்கு 60,000 அனுப்பிய ஒரு ஜிபே ரசீதை. அது கடனா, அன்பளிப்பா, முதலீடா என்று அந்த ரசீதில் எழுதியிருக்காது.

தை மாதம் கொடுத்த பணத்துக்கு இன்றுவரை ஒரு துண்டுச் சீட்டு வாங்கவில்லை. எந்தக் காயின், எத்தனை, என்ன விலை எதுவும் தெரியாது. பேச்செல்லாம் டெலிகிராமில், அதுவும் தானாக அழியும்படி வைத்து! வியாபாரி ஒரு லோடு அகலை பில் இல்லாமல் கேட்டால் கொடுப்பீர்களா? சொந்தக்காரன் என்றால் மட்டும் ஏன் வாய் அடைத்துப்போகிறது? கடன் என்று வைத்தால்கூட, மீட்க வழக்குப் போடப் பொதுவாக மூன்று ஆண்டுதான் காலவரம்பு.

வரியையும் கவனியுங்கள். 2022 ஏப்ரல் முதல் கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவீத வரி. ஒரு காயினின் நட்டத்தை இன்னொன்றின் லாபத்திலோ பட்டறை வருமானத்திலோ கழிக்க முடியாது. கணக்கு தம்பி பெயரில் என்றால் வரித்துறை முதலில் கேட்பது அவனைத்தான். பணம் யாருடையது என்ற அடுத்த கேள்வி பினாமிச் சட்டம்வரை போகலாம்.

இன்றே தம்பிக்கு வாட்ஸ்அப்பில் எழுதுங்கள்: எந்தத் தளம், எந்தக் காயின், எத்தனை. கொஞ்சம் விற்று உங்கள் வங்கிக் கணக்கில் போடச் சொல்லுங்கள். திரையில் தெரியும் லாபம் லாபமல்ல. போலி ஆப்பில் அவனே ஏமாந்திருக்கலாம். பணம் எடுக்க ‘முதலில் வரி கட்டு’ என்று ஆப் கேட்டால், உடனே 1930க்குப் புகார் சொல்லுங்கள்.

உங்கள் தயக்கத்தை நான் போக்கப்போவதில்லை. உங்களைக் காப்பாற்றி வந்ததே அதுதான். பிறகும் ஆசை இருந்தால், நிதி நுண்ணறிவுப் பிரிவில் பதிவுசெய்த தளத்தில் சொந்தப் பான் எண், சொந்த வங்கிக் கணக்கோடு, போனாலும் தாங்கக்கூடிய சிறு தொகை போதும். பதிவு இருப்பதால் களவு நடக்காது என்று அர்த்தமில்லை. கார்த்திகை முன்பணத்தைத் தொடவே வேண்டாம். சரக்குப் போகாவிட்டால் வியாபாரி உங்கள்மீது தனி வழக்குப் போடுவார்.

கடிதத்தை மட்டும் வைத்து இதற்குமேல் சொல்ல முடியாது. நேரில் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். வசதி இல்லையென்றால் விருத்தாசலம் நீதிமன்றத்தில் வட்ட சட்டப் பணிகள் குழுவை அணுகலாம். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. வங்கி ஸ்டேட்மென்ட்டும் தம்பியோடு பேசிய போனும் கையில் இருக்கட்டும். ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது. மின்னணு ஆதாரத்துக்குச் சான்றிதழ் தர வேண்டிவரும். அதுவரை போனை மாற்றவோ விற்கவோ வேண்டாம்.