பழைய டைப் ஆருக்குப் புது எக்ஸாஸ்ட்

கேள்வி: என் 2008 ஹோண்டா சிவிக் டைப் ஆருக்கு சிஓஇ (வாகன உரிமைச் சான்றிதழ்) புதுப்பித்துவிட்டேன். சத்தமான எக்ஸாஸ்ட் போடலாமா?
– வாசகர், ஜூரோங்

பதில்: நிலப் போக்குவரத்து ஆணையத்தின் அனுமதி இருந்தால் போடலாம். “எல்லாரும் போடுறாங்க” என்று பட்டறைக்காரர் சொன்னால், உங்கள் மாடலுக்கான எக்ஸாஸ்ட் சான்றிதழை முதலில் கேளுங்கள். வாகனச் சோதனைக்கு மட்டும் பழைய குழாயை மாட்டிக்கொண்டு போகும் வித்தை வேண்டாம்; சாலையிலும் பிடிப்பார்கள். 10 வயது தாண்டிய காருக்கு ஆண்டுதோறும் சோதனை உண்டு. 14 தாண்டினால் சாலை வரி 50 விழுக்காடு கூடுதல். செலவு ஏற்கெனவே போதாதா?

அந்த எஞ்சின் 8,000 சுற்றில் தானே பாடும். அதற்கு மேல் எதற்கு ஒலிபெருக்கி? காசை சஸ்பென்ஷன் புஷ், ரேடியேட்டர் ஹோஸ் பக்கம் திருப்புங்கள். நம் ஊர் வெயிலில் ரப்பர்தான் முதலில் வெடிக்கும். ஹோஸை விரலால் அழுத்திப் பாருங்கள். மொறமொறவென்றால் இந்த வாரமே மாற்றிவிடுங்கள்.