வகுப்பு இருந்தது, வேலை இல்லை

வேலை போனவரிடம் “புதுசா ஏதாவது கத்துக்க வேண்டியதுதானே” என்று சொல்வது சுலபம். ஒரு நாட்டு மக்களே அப்படி வகுப்பில் போய் உட்கார்ந்த கதை உண்டு: 1990இல் மேற்கு ஜெர்மனியுடன் இணைந்ததற்குப் பிந்தைய கிழக்கு ஜெர்மனி. அதைப் பற்றி உலவும் நம்பிக்கைகள் சில.

நம்பிக்கை: பொதுவுடைமை ஆட்சியில் வளர்ந்தவர்களுக்கு வேலை தெரியாது, அதனால்தான் வேலை போயிற்று.

உண்மை: அங்கிருந்த தொழிலாளர்களில் பெரும்பாலோர் முறையாகத் தொழில் பயின்று சான்றிதழ் வாங்கியவர்கள். அவர்களைக் கவிழ்த்தது நாணயம். 1990 ஜூலை 1 அன்று மேற்கு ஜெர்மனியின் மார்க் கிழக்கிலும் வந்தது. சம்பளம் கிழக்கு மார்க் ஒன்றுக்கு மேற்கு மார்க் ஒன்று என்று மாற்றப்பட்டது. ஆலைகளின் உற்பத்தித்திறனோ மேற்கில் இருந்ததில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். வழக்கமாகச் சரக்கு எடுத்த சோவியத் யூனியனிடம் மார்க்கில் கொடுக்கப் பணமில்லை. உள்ளூர்க்காரர்களும் மேற்கத்தியப் பொருட்களுக்குத் தாவிவிட்டார்கள். பதிவுசெய்து பத்தாண்டுக்கும் மேல் காத்திருந்து வாங்கிய ட்ராபன்ட் காரைச் சீண்ட ஆளில்லை. 1991 ஏப்ரலில் அதன் தயாரிப்பு நின்றது.

அரசு ஆலைகளை விற்கவும் மூடவும் பொறுப்பேற்ற ட்ராய்ஹாண்ட் அமைப்பிடம் தொடக்கத்தில் சுமார் 8,500 நிறுவனங்கள், 40 லட்சம் தொழிலாளர்கள். 1994 இறுதியில் அது கலைக்கப்பட்டபோது எஞ்சிய வேலைகள் சுமார் 15 லட்சம். இத்தனை பேருக்கும் ஒரே நாலாண்டில் தொழில் மறந்துபோனது என்று நம்ப வேண்டுமானால் நம்பலாம்.

நம்பிக்கை: மறுபயிற்சி கொடுத்ததும் நிலைமை சீராகிவிட்டது.

உண்மை: லட்சக்கணக்கானோர் பயிற்சிக்குப் போனார்கள். அரசுச் செலவில் தற்காலிக வேலைகளும் உண்டாக்கப்பட்டன. அவற்றில் பலருக்குக் கிடைத்த வேலை, தாங்கள் உழைத்த ஆலையையே பிரித்துப்போடுவது! 55 வயதைத் தாண்டியவர்களை முன்கூட்டியே ஓய்வில் அனுப்பினார்கள். பயிற்சி பலன் தந்த இடங்கள் இல்லாமல் இல்லை. ட்ராபன்ட் தயாரித்த ஸ்விக்காவ் நகரின் பக்கத்திலேயே ஃபோக்ஸ்வாகன் ஆலை வந்தது. ஐசனாஹில் 1992இல் ஓப்பல் ஆலை திறந்தது. கார் செய்தவர்கள் வேறு கார் செய்யக் கற்றார்கள். ஆலை முதலில் வந்ததால்தான் கற்றது கைகொடுத்தது. ஆலை வராத ஊர்களில் ஒரு சான்றிதழுக்கு மேல் இன்னொரு சான்றிதழ் சேர்ந்தது, அவ்வளவே. என்னைக் கேட்டால், அங்கே மறுபயிற்சி என்பது வேலையின்மைக் கணக்கைக் குறைத்துக் காட்டும் வேலையையும் சேர்த்தே செய்தது. 2005இல்கூடக் கிழக்கில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு வேலையில்லை.

நம்பிக்கை: ஊரை விட்டுக் கிளம்பியிருந்தால் பிழைத்திருப்பார்கள்.

உண்மை: கிளம்பத்தான் செய்தார்கள், குறிப்பாக இளம்பெண்கள். போனவர்களில் பலர் பிழைத்தார்கள். ஆனால் 1980களில் 70,000 பேர் இருந்த ஹொயர்ஸ்வெர்டா நகரில் இன்று அதில் பாதிகூட இல்லை. ஆளில்லாத அடுக்குமாடிகளை இடித்துத் தள்ளினார்கள். அங்கே தங்கியவர் புதிதாக முடிதிருத்தக் கற்றாலும் வாடிக்கையாளர் எங்கே?

நம்பிக்கை: மூடியவை எல்லாம் விலைபோகாத சரக்கு செய்த ஆலைகள்.

உண்மை: துரிங்கியாவின் பிஷோஃபெரோட பொட்டாஷ் சுரங்கத்துக்கு வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் இருந்தார்கள். கிழக்கு, மேற்கு பொட்டாஷ் நிறுவனங்களை இணைக்கும் திட்டத்தில் அந்தச் சுரங்கம் மூடும் பட்டியலுக்குப் போனது. தொழிலாளர்கள் சுரங்கத்தை ஆக்கிரமித்தார்கள். 1993 கோடையில் உண்ணாவிரதம் இருந்தார்கள். மாற்று வேலை தருவதாக வாக்குறுதி வந்தது. அந்த ஆண்டுக் கடைசியில் சுரங்கத்தை மூடினார்கள்.