நில அளவைக்கு இனி ஆள் வேண்டாமா?

பொதுத்தேர்வு முடிவு வந்ததும் வீடுகளில் அடுத்த படிப்பைப் பற்றிய பேச்சு தொடங்கும். அதில் நில அளவை, வடிவமைப்பு, நகரமைப்பு ஆகியவை கடைசியில்தான் வரும், அதுவும் அரைகுறைத் தகவலோடு. இந்த வேலைகளுக்கு மிகவும் பொருத்தமான பிள்ளைகள் அதனாலேயே இந்தப் பக்கம் திரும்பாமல் போவது எனக்குப் பெரிய வருத்தம். அப்படிப் பரவியிருக்கும் சில நம்பிக்கைகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

நம்பிக்கை: ட்ரோனும் செல்பேசியும் வந்தபின் சர்வேயருக்கு வேலை இருக்காது.

சங்கிலி பிடித்து அளந்த காலம் மறைந்துவருவது உண்மை. ஆனால் சர்வேயர் மறையவில்லை. செல்பேசி காட்டும் இடம் திறந்த வெளியிலேயே சில மீட்டர் விலகும். 40 அடி அகல மனையில் எல்லை 10 அடி தள்ளினால் கால் பங்கு இடம் பக்கத்து மனைக்குள் போய்விடும். டோட்டல் ஸ்டேஷன், டிஜிபிஎஸ் போன்ற அளவைக் கருவிகள் சென்டிமீட்டர் கணக்கில் அளந்து தரும். எந்தப் புள்ளி எல்லை என்பது அவற்றுக்கும் தெரியாது. புலப்படம் ஒன்று சொல்லும், பத்திரம் ஒன்று சொல்லும், வேலி வேறெங்கோ நிற்கும். பழைய சர்வே கல்லைத் தேடிப் பிடித்து, அடுத்த புலங்களின் அளவோடு பொருத்திப் பார்த்து முடிவு சொல்ல ஆள் வேண்டும்.

உயரத்தை அளப்பது இன்னும் நுணுக்கமான வேலை. செயற்கைக்கோள் கருவி, பூமிக்கு வகுத்துக்கொண்ட ஒரு கணித வடிவத்திலிருந்து உயரத்தைக் கணக்கிடுகிறது. இலங்கைக்குத் தெற்கே கடலில் ஈர்ப்பு குறைவு. அதன் விளைவாக நம் கடல்மட்டமே அந்த வடிவத்துக்கு வெகு கீழே கிடக்கிறது. மெரினா மணலில் நின்று திருத்தமில்லாமல் படித்தால் உயரம் மைனஸ் 80 மீட்டருக்கும் கீழே காட்டும். சென்னை போன்ற தட்டையான ஊரில் வடிகாலின் வாட்டம் கொஞ்சம் தவறினாலே மழைநீர் வீட்டுக்குள் வந்துவிடும். இந்தத் திருத்தத்தைச் சரியாகச் செய்பவரை நம்பித்தான் அந்தத் தெருவே இருக்கிறது.

நம்பிக்கை: சர்வே படிப்பு கடைநிலைப் படிப்பு, ஐடிஐயோடு முடிந்துவிடும்.

கிண்டி பொறியியல் கல்லூரியின் தொடக்கமே 1794-இல் அமைந்த அளவைப் பள்ளிதான். இந்தியாவையே அளந்த பெரும் முக்கோண அளவைக்கு 1802-இல் அதைத் தொடங்கிய வில்லியம் லாம்ப்டன் அடிக்கோடு அளந்ததும் பரங்கிமலைப் பக்கம்தான். இன்று பத்தாம் வகுப்பு முடித்தவர் ஐடிஐயில் இரண்டு ஆண்டு சர்வேயர் பிரிவு படிக்கலாம். அதன்பின் பாலிடெக்னிக் இரண்டாம் ஆண்டிலும், டிப்ளமோ முடித்தால் பி.இ. இரண்டாம் ஆண்டிலும் நேரடியாகச் சேர வழி உண்டு. டிஎன்பிஎஸ்சி நில அளவர், வரைவாளர் பணிகளுக்கு ஆள் எடுத்தபோது ஐடிஐ சான்றிதழும் தகுதியாக ஏற்கப்பட்டது. பிளஸ் டூ முடித்தவருக்குக் கிண்டியிலேயே பி.இ. ஜியோ இன்ஃபர்மேட்டிக்ஸ் (புவித்தகவலியல்) இருக்கிறது.

நம்பிக்கை: நகரமைப்புக்கும் வடிவமைப்புக்கும் படம் வரையும் கை வேண்டும்.

ஜேஇஇ மெயின் தேர்வில் கட்டடக்கலைப் படிப்பான பி.ஆர்க்குக்கான தாளில்தான் வரைதல் உண்டு, நகரமைப்புப் படிப்பான பி.பிளானிங்குக்கான தாளில் கணிதம், திறனறிவு, திட்டமிடல் மட்டுமே. ஐஐடிகளின் வடிவமைப்புப் படிப்புக்கான யூசீட் தேர்வில் வரைதல் பகுதி இருக்கிறது, ஆனால் பிளஸ் டூவில் எந்தப் பிரிவு எடுத்தவரும் அதை எழுதலாம். துறை மாறவும் வழி உண்டு. ரூபாய்க் குறியீட்டை வடிவமைத்த உதயகுமார் அண்ணா பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை படித்துவிட்டுத்தான் ஐஐடி பம்பாயில் வடிவமைப்புக்குப் போனார்.

நம்பிக்கை: நகரமைப்பு படித்தால் அரசு வேலை உறுதி.

தேவை பெரிது என்பதில் சந்தேகமில்லை. சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் (சிஎம்டிஏ) எல்லை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக விரிந்திருக்கிறது. ஆனால் நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையைப் பாருங்கள்: நாட்டில் மாநில நகரமைப்புத் துறைகளுக்கு 12,000-க்கும் மேற்பட்ட பணியிடங்கள் தேவை, அனுமதிக்கப்பட்டவை 4,000-க்கும் குறைவு, அவற்றிலும் ஏறத்தாழப் பாதி காலி. சில மாநிலங்களில் அந்தப் பணிக்கு நகரமைப்புப் பட்டமே கட்டாயமில்லை என்றும் அது சொல்கிறது. அரசு அறிவிப்பை மட்டும் எதிர்பார்த்து இதில் சேராதீர்கள். ஆலோசனை நிறுவனங்களையும் போக்குவரத்துத் திட்டங்களையும் கணக்கில் வைத்து முடிவெடுங்கள்.

எந்தப் படிப்பானாலும் சேரும் முன் நிறுவனத்துக்கே போய், டோட்டல் ஸ்டேஷன் எத்தனை இருக்கிறது, எந்த ஆண்டிலிருந்து மாணவர் கைக்கு வருகிறது, ஜிஐஎஸ் (புவியியல் தகவல் அமைப்பு) மென்பொருளில் வாரத்துக்கு எத்தனை மணிநேரம் பயிற்சி என்று கேளுங்கள். இறுதியாண்டு மாணவர்கள் செய்த வரைபடங்களையும் வாங்கிப் பாருங்கள்.