இழுக்கும் நாய்க்கு எந்த வார் ஏற்றது?

மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் வட்டாரத் தோட்டங்களில் காவலுக்கு நாய் வளர்ப்போர் பலர். பகலெல்லாம் சங்கிலியில் கிடந்த நாயை மாலையில் அவிழ்த்துக் கூட்டிச் செல்லும்போது, ஆள் நாயை நடத்துகிறாரா, நாய் ஆளை இழுத்துப் போகிறதா என்று சொல்ல முடிவதில்லை. கழுத்துப்பட்டை தொண்டையை அழுத்த, நாய் இருமிக்கொண்டே இழுக்கிறது. இந்த இருமலைச் சளி என்று எண்ணிக் கஷாயம் கொடுப்போரும் உண்டு. வாரில் பூட்டி நடக்கும்போது மட்டும் இருமல் வருகிறதா என்பதை முதலில் கவனிக்க வேண்டும். அப்படியானால் பட்டையின் மேலேயே சந்தேகம் கொள்ளலாம்.

மாடு பூட்டிப் பழகிய உழவருக்கு இதன் காரணத்தை விளக்குவது எளிது. காளையின் நுகத்தடி திமிலுக்கு முன்னால், தடித்த தசையின் மேல் பதிகிறது. ஆகவே அது பாரம் இழுக்க முடிகிறது. நாய்க்குத் திமில் இல்லை. அதன் கழுத்தின் முன்புறத்தில் தோலுக்குச் சற்று உள்ளேயே மூச்சுக்குழலும் இரத்தக் குழாய்களும் ஓடுகின்றன. கழுத்துப்பட்டையில் இழுக்கும்போது நாயின் கண்ணுக்குள் அழுத்தம் கூடுகிறது என்றும், மார்புவாரில் இழுக்கும்போது அவ்வாறு கூடுவதில்லை என்றும் 2006-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. கண்நோய் உள்ள நாய்களுக்கு இது முக்கியம்.

நம் பக்கத்து நாய்களுக்கு இன்னொரு சங்கடமும் இருக்கிறது. சிப்பிப்பாறையும் கன்னியும் முயல் விரட்டும் வேட்டை இனங்கள். தலை குறுகியது, கழுத்து நீண்டது. சாதாரணப் பட்டையைத் தளர்த்திக் கட்டினால் நாய் பின்வாங்கித் தலையை உருவிக்கொண்டு போய்விடும். உருவிக்கொள்ளாதபடி இறுக்கிக் கட்டினால் மூச்சு முட்டும். நான்குவழிச் சாலையை ஒட்டிய தோட்டம் என்றால், உருவிய நாய் முயலைக் கண்ட வேகத்தில் லாரிக்கு அடியில்தான் போய் நிற்கும். முயலைப் பிடித்துவிட்டாலும் தொல்லைதான். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி முயல் வேட்டை குற்றம். 2005-இல் அஞ்சல் தலையில் இடம்பெற்ற பெருமைக்குரிய இராஜபாளையம் நாய்களில் பிறவிச் செவிடு உண்டு. கூப்பிட்டாலும் திரும்பாத அந்த நாய்க்குக் கையில் உள்ள வார் ஒன்றே பாதுகாப்பு.

கடைகளில் 'ஹார்னெஸ்' என்று கேட்டால் கிடைப்பது மார்புவார். வளையம் எங்கே இருக்கிறது என்று பார்க்காமல் அதை வாங்கக் கூடாது. முதுகின் மேல் மட்டும் வளையம் உள்ள மார்புவாரைப் பூட்டியதும் நாய் முன்னைவிட வலுவாக இழுக்கிறது என்று பலர் குறைப்படுவது வழக்கம். இதில் வியப்பில்லை. பனிப்பிரதேசங்களில் சறுக்குவண்டி இழுக்கும் நாய்களுக்குப் பூட்டுவதும் மார்பில் பாரம் தாங்கும் வார்தான். கழுத்து வலி நீங்கிவிட்டது, மார்பில் பாரம் நன்றாகப் பதிகிறது. நாய்க்கு நுகத்தடி பூட்டிக் கொடுத்தது போலத்தான். சாதுவாக நடக்கும் நாய்க்கு இது போதும், இழுக்கும் நாய்க்குப் போதாது.

இழுக்கும் நாய்க்கு நெஞ்சின் நடுவிலும் ஒரு வளையம் உள்ள வாரே பொருத்தம். அந்த வளையத்தில் கயிற்றைக் கோத்தால், நாய் முன்னே பாயும்போது அதன் உடல் பக்கவாட்டில் திரும்பிவிடும். இழுத்துப் பயனில்லை என்பது அதற்குச் சீக்கிரம் புரியும். முன்பட்டை தோள்மூட்டுகளுக்குக் குறுக்கே படுக்கையாக ஓடாமல், நெஞ்செலும்பில் கூடிக் கால்களுக்கு இடையே இறங்குவதாக இருந்தால் நடை கெடாது. முன்னங்கால் முட்டிக்கும் வயிற்றுப்பட்டைக்கும் இடையே இரண்டு மூன்று விரல் இடம் வேண்டும். பட்டைக்கு அடியில் எங்கும் இரண்டு விரல் நுழைய வேண்டும்.

சிப்பிப்பாறைக்கு ஒரு பட்டை கூடுதலாகத் தேவை. இதன் மார்பு ஆழம், இடுப்போ ஒடுக்கம். சாதாரண மார்புவாரிலிருந்தும் பின்வாங்கி முன்னங்கால்களை உருவிக்கொள்ளும். விலா முடியும் இடத்துக்குப் பின்னால், இடுப்பு ஒடுங்குமிடத்தில் மூன்றாவது பட்டை ஒன்று ஓடினால் உருவ முடியாது. கடையில் கிடைக்காவிட்டால், தோல்வேலை செய்பவரிடம் சணலால் எடுத்த மார்பளவையும் இடுப்பளவையும் கொடுத்துத் தைத்துக்கொள்ளலாம். ஊசிமுள் உள்ள இரும்புப் பக்கிள், பிளாஸ்டிக் கவ்வியைவிட நம்பகமானது. இந்த இனங்களுக்கு மயிர் குட்டை, தோல் மெல்லியது. அக்குளில் படும் இடத்தில் பழைய வேட்டித் துணியைச் சுற்றித் தைப்பது நலம். புது வாரை முதலில் சுற்றுச்சுவருக்குள் பூட்டி, நாய்க்கு எதிரே நின்று மெதுவாக இழுத்து, பின்வாங்கி உருவுகிறதா என்று பார்த்த பிறகே தெருவுக்குக் கொண்டுபோக வேண்டும்.

மூக்கின் மேல் ஒரு வளையமும் காதுக்குப் பின்னால் ஒரு பட்டையுமாக வருவது முகவார். இதைக் குதிரையின் தலைக்கயிற்றுக்கு ஒப்பிடலாம். தலை திரும்பும் பக்கம் உடல் திரும்பும். வலிமை குறைந்த ஆளும் பெரிய நாயை இதனால் நடத்த முடியும் என்பது உண்மை. ஆனால் நின்ற இடத்திலிருந்து அம்புபோல் பாயும் சிப்பிப்பாறைக்கும் கன்னிக்கும் இதைப் பூட்டுவது விபரீதம். பாய்ந்த நாய் கயிற்றின் முனையை எட்டியதும் அந்த வேகம் முழுவதும் நீண்ட கழுத்தைத் திருகும். நிதானமான, கனத்த நாய்க்கு மட்டும், அதுவும் குட்டைக் கயிற்றில், சுண்டி இழுக்காத கையில் இது இருக்கலாம். முகவார் பூட்டி நாயைக் கட்டிப்போடவே கூடாது. பக்நாய் போன்ற சப்பை மூக்கு இனங்களில் இது நிற்காது.

முகவாரையும் வாய்ப்பூட்டையும் சிலர் ஒன்றென்று எண்ணுகிறார்கள். சரியான முகவாரில் நாய் வாயைத் திறந்து இரைக்கலாம், தண்ணீர் குடிக்கலாம். சித்திரை, வைகாசியில் வெயில் 40 டிகிரியைத் தொடும் மதுரையில் இது உயிர் பிரச்சினை. இரைப்பதால்தான் நாய் தன் உடல் சூட்டைத் தணிக்கிறது. வாயை இறுக்கும் துணிப்பூட்டோடு வெயிலில் நடத்தினால் மயங்கி விழும்.

எந்த வார் ஆனாலும் பழக்கம் கொடுக்காமல் பயன் இல்லை. கயிறு விறைத்தால் நின்றுவிட வேண்டும். நாய் திரும்பிப் பார்த்துக் கயிறு தளர்ந்ததும் நடக்க வேண்டும். பக்கத்திலேயே நடந்தால் அவித்த ஈரலில் ஒரு துண்டு கொடுக்கலாம். கருவாடு வேண்டாம், உப்பு அதிகம். முதல் வாரத்தில் தெருமுனை வரை போகவே அரைமணி ஆகும். நேரமில்லை என்று ஒருநாள் இழுக்கவிட்டால், இழுத்தால் போகலாம் என்ற பாடத்தை நாய் மறுபடி கற்றுக்கொள்ளும். வீட்டில் ஒருவர் நிற்க, மற்றொருவர் இழுக்கவிட்டாலும் இதே கதிதான்.

கயிறு இரண்டு மீட்டருக்குள் இருக்கட்டும். அதைக் கையில் சுற்றிக்கொண்டால் விரல் முறியும். மோட்டார் சைக்கிளில் நாயைக் கட்டி ஓட்டிவரும் பழக்கம் அறவே கூடாது.

பகலெல்லாம் கட்டிக்கிடந்த நாய் இழுக்காமல் என்ன செய்யும்? அளவுக்கு மீறிக் குட்டையான அல்லது கனமான சங்கிலியில் நெடுநேரம் கட்டுவதும், கட்டியே வைக்கும் நாயை நடமாட விடாததும் 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடைச் சட்டப்படி குற்றங்கள். வேலி உள்ள தோட்டத்தில் காலையில் சிறிது நேரம் அவிழ்த்து ஓடவிட்டால் மாலை நடையில் பாதி இழுப்பு குறையும்.

நடை முடிந்ததும் வாரைக் கழற்றிவிட வேண்டும். இரவில் அது வேலிக் கம்பியில் மாட்டினால் நாய் தவிக்கும். அக்குளில் மயிர் தேய்ந்தோ தோல் சிவந்தோ இருந்தால் ஆறும்வரை பூட்டாமல், பட்டையை மாற்றிப் பொருத்தவும். வளரும் குட்டிக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அளவு பார்க்கவும். தோல் வார் மழையில் நனைந்தால் நிழலில் உலர்த்தி, துளி விளக்கெண்ணெய் தேய்த்துத் துடைத்துவிட்டால் விறைத்து வெடிக்காது.