புழு பழகிருச்சா?

கோவையில படிக்கிறோம். சுத்தி ஸ்பின்னிங் மில், பருத்தி ஆராய்ச்சிக்குன்னே மத்திய அரசோட ஒரு மண்டல நிலையம் வேற. அதனால பரிணாமம்னு சொன்னதும் கலபாகஸ் தீவுக்கு ஓட வேண்டாம். பருத்தியில வர்ற இளஞ்சிவப்புக் காய்ப்புழு போதும்.

"மருந்துக்கெல்லாம் புழு பழகிருச்சுங்க" - நம்ம பக்கம் விவசாயிங்க சொல்றதுதான். நீங்களும் அப்படித்தான் நினைச்சிருப்பீங்க. ஆனா எந்தத் தனிப் புழுவும் பழகுறதில்லை. அது சாகும், இல்லைன்னா பிழைக்கும். தலைமுறை தலைமுறையா மாறுறது புழுக் கூட்டம்.

2002-ல இந்தியாவில பி.டி. பருத்திக்கு அனுமதி கிடைச்சது. ஒரு மண் பாக்டீரியாவோட ஜீனைச் செடிக்குள்ள வச்சதால, செடியே ஒரு நச்சுப் புரதத்தைத் தயாரிக்கும். புழு தின்னா, அந்தப் புரதம் குடல் சுவர்ல ஒரு ஏற்பியில ஒட்டி ஓட்டை போடும். பூட்டும் சாவியும் மாதிரி. பெரிய கூட்டத்துல எங்கேயோ சில புழுக்களுக்குப் பூட்டு கொஞ்சம் கோணல். ஜீன் காப்பி ஆகும்போது வந்த பிழை அது. பி.டி.யைப் பார்த்து, தேவைக்காக வந்தது இல்லை. சாதாரண வயல்ல அதனால ஒரு லாபமும் கிடையாது. பி.டி. வயல்லயோ, மத்ததெல்லாம் செத்துப்போக, முட்டை போட மிஞ்சுறது அதோட வம்சம்தான். இதுதான் இயற்கைத் தேர்வு. 2010-ல குஜராத்தின் நாலு மாவட்டங்கள்ல புழு தப்பிப் பிழைக்குதுன்னு மான்சான்டோவே அறிவிச்சது. 2006-லயே வந்திருந்த ரெண்டு ஜீன் விதையும் பின்னாடி அதே கதைதான்.

இதைத் தள்ளிப்போட ஒரு வழி இருந்தது. எனக்கு இந்த டாபிக்ல ரொம்பப் பிடிச்சது இதுதான். விதைப் பாக்கெட்டோட பி.டி. இல்லாத விதையும் ஒரு குட்டிப் பாக்கெட்ல வரும். வயலைச் சுத்தி 5 வரிசை, அல்லது பரப்புல 20 சதவீதம், எது அதிகமோ அவ்வளவு நடணும். புழுவுக்கு நாமளே சோறு போடுறதான்னு தோணும். ஆனா டென்த்ல படிச்ச மெண்டல் பட்டாணியை ஞாபகப்படுத்திக்கோங்க: இந்த எதிர்ப்புத் தன்மை பெரும்பாலும் ரிசெஸிவ். அப்பா, அம்மா ரெண்டு பக்கமும் கோணல் ஜீன் வந்தாத்தான் புழு பிழைக்கும். உதாரணத்துக்கு, ஆயிரத்துல ஒரு ஜீன் கோணல்னா, ரெண்டும் கோணலா இருக்கிற புழு பத்து லட்சத்துல ஒண்ணு. புகலிடச் செடியில வளர்ற சாதாரண அந்துப்பூச்சிகளோட அது சேர்ந்தா, பிறக்கிற குஞ்சுப் புழு பி.டி. செடியில செத்துப்போகும். இந்தப் புழுவுக்குப் பருத்தியை விட்டா வேற சாப்பாடு பெருசா இல்லை. அதனால இயற்கையா ஒரு புகலிடம் அமையவும் வாய்ப்பு கம்மி.

நிறைய பேர் அந்தக் குட்டிப் பாக்கெட்டை நடவே இல்லை. ரெண்டு ஏக்கர் வச்சிருக்கிறவர்கிட்ட அஞ்சுல ஒரு பங்கைப் புழுவுக்கு விடுங்கன்னா எப்படி விடுவார்? அவரைக் குத்தம் சொல்ல எனக்கு மனசு வரலை. அமெரிக்காவின் அரிசோனாவில புகலிடம் ஒழுங்கா நட்டாங்க, அப்புறம் மலட்டு அந்துப்பூச்சிகளையும் பறக்கவிட்டாங்க. 2018-ல அந்த நாட்டுப் பருத்தி வயல்கள்ல இந்தப் புழு ஒழிஞ்சதா அறிவிச்சாங்க. இங்கே இப்போ ரெண்டு விதையையும் ஒரே பாக்கெட்ல கலந்தே விக்கிற முறை வந்திருக்கு. விவசாயி தனியா பிரிச்சுத் தூக்கிப் போட முடியாது.